கை நனைக்காத விருந்தாளி

இத்தாலிக்குப் போய்ப் பட்டினி கிடந்தவன் யாராவது உண்டா என்று கேட்டால், பொம்மிடியில் ஒருத்தன் இருக்கிறான் என்று என்னைக் காட்டுவார்கள். அந்தக் கதையை அடுத்தவர் வாயால் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் நானே எழுத உட்கார்ந்தேன். அவர்கள் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் கொஞ்சம் இளைத்துவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு ஒருத்தர் சொன்னதைக் கேட்டபோது, நான் உயிரோடு திரும்பி வந்ததே பெரிய புதுமை என்று எனக்கே தோன்றிவிட்டது.

எதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை பிலோமினா பதினெட்டு வயதில் கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்று ஒரு சபையோடு இத்தாலிக்குக் கிளம்பினாள். வார்த்தைப்பாடு கொடுக்கிற நேரம் நெருங்கியபோது, "எனக்கு இது சரிப்படாது" என்று வெளியே வந்துவிட்டாள். சபை படிக்க வைத்த நர்ஸ் படிப்பு கைகொடுத்தது. ஜெனோவா என்கிற கடற்கரை நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தச் செய்தியையே எங்கள் வீட்டில் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்திருந்தோம். அதற்குள் அடுத்த நீலக் கடுதாசி வந்து சேர்ந்தது. ஜீனோ என்று ஒருவர், நல்லவர், கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன், அப்பா சம்மதித்தால்தான் செய்வேன் என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு போட்டோ. அதில் அந்த மனிதருக்கு என் தங்கையைவிட நீளமான முடி இருந்தது. பின்னால் குடுமி போட்டிருந்தார்.

அப்பா போட்டோவை ஒரு நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிறிஸ்தவர்தாம்ப்பா" என்றேன்.

"கிறிஸ்தவன்னா போதுமாடா? என்ன ஆளுங்க, காடு தோட்டம் உண்டா, ஆடு மாடு உண்டா, ஒண்ணும் தெரியாம பொண்ணைக் குடுத்துட்டு நிக்கச் சொல்றியா?"

அந்த வருஷம் எங்கள் பக்கத்துப் பங்குக் கோவில்களிலிருந்து ஒரு கூட்டம் ரோமுக்கு யாத்திரை கிளம்பியது. எங்கள் சாமியார் பார்த்து என் பெயரையும் சேர்த்தார். நடுவில் நாலு நாள் கழன்றுகொண்டு தங்கையைப் பார்த்துவிட்டு வர அனுமதியும் கொடுத்தார். பொம்மிடி ஸ்டேஷனில் அம்மா ஒரு டப்பா எள்ளுருண்டையைக் கையில் திணித்தாள். பிலோவுக்கு உயிர் அது. அப்பா என்னைத் தனியாகத் தண்ணீர்க் குழாய் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"போ, பாரு, பேசு. நல்லாவே பேசு. ஆனா அவங்க வூட்ல கை மட்டும் நனைச்சிறாத."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் காபி, தண்ணீர் வரைக்கும் சரி. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் பசி கண்ணை அடைத்தாலும், "இன்னொரு நாள் பாத்துக்கலாங்க" என்று எழுந்து வந்துவிட வேண்டும். இதில் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. பந்தி வரைக்கும் வந்து, இலையைப் பார்த்துவிட்டு எழுந்து போன மாப்பிள்ளை வீட்டாரை நானே பார்த்திருக்கிறேன்.

நான் ஸ்கூலில் டிராயிங் மாஸ்டர். மாதா கோவில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் தொங்கும் பெத்லகேம் மலை நான் வரைந்ததுதான். அது வத்தல்மலை மாதிரி இருக்கிறது என்பார்கள், எனக்குத் தெரிந்த மலை அது ஒன்றுதான். ஜீனோ இருக்கிற பொக்கடாஸ்ஸே என்கிற பேட்டை முழுக்க ஓவியர்களும் கவிஞர்களும் பாட்டுக்காரர்களும்தான் என்று பிலோ எழுதியிருந்தாள். உண்மையைச் சொன்னால், அந்த வரியைப் படித்ததும் எனக்குத் தங்கை கவலை பாதி போய்விட்டது. ஒரு புது நோட்டு, ஆறு பென்சில், கழுத்துக்கு ஒரு மஃப்ளர் வாங்கினேன். மஃப்ளர் எதற்கு என்று என் மனைவி கேட்டதற்கு, "குளிர்" என்றேன். கலைஞனுக்கு அடையாளம் வேண்டாமா என்று அவளிடம் சொல்லியிருந்தால் இன்றைக்கு வரை சிரித்துக்கொண்டிருப்பாள்.

திங்கள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். முதியோர் இல்லத்திலேயே விருந்தினர் அறை கொடுத்தார்கள். பிலோ வெள்ளை உடுப்பில் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு அவள் என் மஃப்ளரைப் பார்த்துவிட்டாள், சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஜீனோ வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. சமையலுக்குக் கூடமாட உதவ பிலோ காலையிலேயே போய்விட்டாள். நான் தனியாக பஸ் ஏறி வரவேண்டும், நிறுத்தத்தில் அவள் நிற்பாள். பேப்பர்க் கடையில் டிக்கெட் வாங்கி, மடங்காமல் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு ஏறினேன். கண்டக்டர் வருவார் வருவார் என்று பார்த்தேன். ஆளே இல்லை. கம்பியில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தது. ஏறுகிறவர்கள் அதில் சீட்டை நுழைத்து எடுத்தார்கள். வேண்டுதல் சீட்டு போடும் பெட்டி என்று நினைத்து நானும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பாதி வழியில் தொப்பிக்காரர் ஒருவர் ஏறி என் டிக்கெட்டைக் கேட்டார். பெருமையாக நீட்டினேன். அவர் அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கையைச் சுழற்றிச் சுழற்றி ஏதோ சொன்னார். பெட்டியில் நுழைத்து முத்திரை விழாத டிக்கெட் டிக்கெட்டே இல்லையாம். காய்கறிப் பையோடு நின்ற ஒரு பருத்த அம்மாள் உடனே சண்டைக்கு வந்தாள். அவள் பேசப் பேச பஸ் முழுக்க என் கட்சிக்கு வந்துவிட்டது. தொப்பிக்காரர் கடைசியில் தானே என் டிக்கெட்டைப் பெட்டியில் நுழைத்து, திரும்பக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அந்த அம்மாள் என்னோடு அதே நிறுத்தத்தில் இறங்கினாள். பொக்கடாஸ்ஸேயில் ரொட்டிக் கடை வைத்திருப்பவள். காத்து நின்ற பிலோவிடம் நடந்ததைச் சொல்லிச் சிரித்தாள்.

"என்ன சொல்லி அவரை மடக்குனாங்களாம்?" என்று பிலோவிடம் கேட்டேன்.

"பஸ்ஸுல ஏறுனதும் சிலுவை போட்ட ஒரே ஆள் இவன்தான், இவனைப் பிடிக்கிறியே, நீயெல்லாம் ஞானஸ்நானம் வாங்குனவனான்னு கேட்டாங்களாம்."

பேட்டை என்றால் ஒரு கைப்பிடி இடம்தான். மேலே ரோடு. அதிலிருந்து படிக்கட்டுச் சந்துகள் இறங்கி ஒரு சின்ன வளைகுடாவில் முடிகின்றன. கடலுக்கு முதுகைக் காட்டாமல் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. மஞ்சள், ரோஸ், செங்காவி. கீழே படகுகளைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். மணல்தான் இல்லை. எல்லாம் கூழாங்கல். வேளாங்கண்ணியில் ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்தவன் நான், கடற்கரை என்றால் மணல் வேண்டும் என்பதில் கறாராக இருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு நாலு எட்டு வைத்ததும் ஒகேனக்கல் பாறையில் வெறுங்காலோடு நடந்த ஞாபகம் வந்து, திரும்பச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஒரு வீட்டின் இரண்டாம் மாடி ஜன்னல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பாதி திறந்த பச்சைக் கதவு, கீழே ஒரு பூந்தொட்டி. நோட்டை எடுத்து அதை வரைந்தேன். வெயில் நகர்ந்தது, மற்ற ஜன்னல்களின் நிழல் எல்லாம் நகர்ந்தது, என் ஜன்னலின் நிழல் மட்டும் நகரவில்லை. பிலோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அது ஜன்னல் இல்லை. சுவரில் பெயிண்டால் வரைந்தது. இந்த ஊர்க்காரர்கள் ஜன்னல் இல்லாத இடத்தில் ஒன்றை வரைந்துவிடுவார்களாம். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நிழல் போடக் கற்றுக்கொடுப்பவன், படத்தைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனோம். ஜீனோ வாசலிலேயே நின்றார். போட்டோவில் பார்த்த அதே குடுமி. ஆனால் அந்தக் கை எனக்குப் பிடித்தது. உழைக்கிற கை. படங்களுக்குச் சட்டம் போடுகிற தச்சு வேலை அவருக்கு. அவருடைய அம்மா தெரேசா, குள்ளம், கணவர் தவறிப் பல வருஷம் ஆகிறது. என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மேசை கடலைப் பார்த்த ஜன்னலோரம். இது உண்மையான ஜன்னல்தான், தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கீரையை உள்ளே வைத்து மடித்த சின்னச் சின்னக் கொழுக்கட்டைகள் ஆவி பறக்க வந்தன. பின்னால் எலுமிச்சம்பழம் பிழிந்த வறுத்த மீன். வாசனை மூக்கில் ஏறியது. அப்பா முகமும் கூடவே ஏறியது.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை இல்லீங்களா" என்றேன். "எங்க ஊர்ல அந்தோணியாருக்கு ஒருசந்தி. மத்தியானம் சாப்பிட மாட்டோம்."

செவ்வாய் அந்தோணியார் நாள்தான். ஆனால் ஒருசந்தியெல்லாம் நானாகச் சேர்த்தது. பிலோ என்னை ஒரு முறை முறைத்தாள், பிறகு மொழிபெயர்த்தாள். தெரேசாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். வளைகுடாவுக்கு மேலே நிற்கிற சின்னக் கோவில் அந்தோணியார் கோவிலாம்! இங்கே இருப்பவர்களே செவ்வாயை மறந்துவிட்டார்கள், எங்கோ இந்தியாவில் ஞாபகம் வைத்திருக்கிறீர்களே என்று என் தலையில் கை வைத்துச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பாள்.

ஜீனோவும் பிலோவும் சாப்பிட்டார்கள். தெரேசா அடுப்புக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே பரிமாறினாள். நான் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் கல்யாணப் பந்தியிலேயே மூன்றாம் பந்தி உட்கார்ந்து எழுந்திருக்கும், இவர்கள் ஒரு மீனைச் சாப்பிட்டு முடிக்கவில்லை. சும்மா இருப்பானேன் என்று அப்பா கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.

"அவங்க பூர்வீகம் என்ன வேலைன்னு கேளு."

"ஜீனோவோட அப்பா வழி மீன் பிடிக்கிறவங்க" என்றாள் பிலோ. "அம்மா இந்த மலைக்குப் பின்னால ஒரு ஊரு. உருளைக்கிழங்கும் அவரையும் போடுவாங்களாம். பசு ரெண்டு இருந்துச்சாம்."

அம்மா வழி விவசாயம், பசு இரண்டு. நோட்டில் ஜன்னல் படத்துக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

அறைக்குத் திரும்பியதும் எள்ளுருண்டை டப்பாவைத் திறந்தேன். ஒன்றே ஒன்று என்றுதான் எடுத்தேன்.

புதன்கிழமை காலை ஜீனோ தன் பட்டறையைக் காட்டினார். எங்கள் ஊரில் சட்டம் போடும் கடைக்குச் சாமி படமும் செத்தவர் போட்டோவும்தான் வரும். இங்கே உயிரோடு இருக்கிற ஓவியர்கள் வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாடி வைத்தவர் ஒருவர், கரையில் கிடக்கிற ஒரே நீலப் படகைப் பல வருஷமாக வரைந்துகொண்டே இருக்கிறாராம். படகுக்காரர் அதற்குப் பச்சை அடிக்கலாம் என்று டப்பாவோடு வந்தபோது, ஓவியர்கள் நாலு பேர் குறுக்கே படுத்துவிட்டார்களாம். படகுக்காரர் இப்போது தன் அண்ணனின் படகில் மீன் பிடிக்கப் போகிறார். கலைக்காக ஒரு குடும்பம் எவ்வளவு கஷ்டப்படுகிறது பாருங்கள்.

காபிக் கடையில் ஒரு கவிஞர். விரற்கடை உயரக் கோப்பையில் கசப்புக் காபி. நான் நுழையும்போது பாதி இருந்தது, திரும்பி வரும்போதும் அந்தப் பாதி அப்படியே இருந்தது. எங்கள் ஸ்டேஷன் டீக்கடையில் இப்படி உட்கார்ந்து பார்க்கட்டும்! கிளாஸ் காலியான மறு நிமிஷம் ஈரத்துணி நம் முழங்கை வரை துடைத்துக்கொண்டு வந்துவிடும்.

கூழாங்கல் கரையை உட்கார்ந்து வரைந்தேன். தாடிக்காரர் பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார். ஏதோ சொன்னார். பாராட்டு என்று நினைத்துக் கும்பிட்டேன்.

"ஒவ்வொரு கல்லையும் தனித்தனியா வரைஞ்சிருக்கியே, எத்தனைன்னு எண்ணி முடிச்சிட்டியான்னு கேக்குறாருங்கண்ணா."

மதியம் மறுபடி அதே மேசை. தக்காளியில் வெந்த கோழி. "புதன்கிழமை சகாய மாதாவுக்கு" என்றேன். இந்தத் தடவை பிலோ மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். தெரேசா பக்தியோடு தலையாட்டிவிட்டு, ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க ஊர்ல சாப்பிடுற நாள் எதுன்னு கேக்குறாங்க" என்றாள் பிலோ. முகத்தில் சிரிப்பே இல்லை.

சாயங்காலம் என் அறைக்கு வந்தாள். டப்பாவைத் திறந்து பார்த்தாள். "அம்மா குடுத்துவிட்டது இவ்வளவுதானா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"வாயோரத்துல எள்ளு ஒட்டியிருக்குதுங்கண்ணா" என்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். "நானும் பொம்மிடிக்காரிதான். அந்தோணியாராம், சகாய மாதாவாம்! அப்பா கை நனைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனாரா?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். ஜீனோவுக்கும் சொல்லிட்டேன். அவங்கம்மாவுக்குச் சொல்லல, சொன்னா அவங்க மனசு தாங்காது. இங்க பாருங்கண்ணா. உங்களுக்குத் தெரியாம கட்டிக்கிறதுன்னா எப்பவோ கட்டியிருப்பேன். இங்க யாரு என்னைக் கேக்கப் போறா? நம்ம வூட்டு ஆளு ஒருத்தர் அந்த மேசையில சாப்பிடணும். அப்புறம்தான் கல்யாணம். நீங்க சாப்பிடாம ரயில் ஏறிட்டா நான் அவரைக் கட்டிக்க மாட்டேன். ஆனா ஊருக்கும் வர மாட்டேன். இங்கேயே கிழவிங்களுக்குத் தலை வாரி விட்டுக்கிட்டு நானும் ஒரு கிழவி ஆயிடுவேன்."

அவள் மிரட்டவில்லை. சின்ன வயதில், "தண்ணி எடுக்க நான் போறேன்" என்று குடத்தைத் தூக்கும்போது பேசுகிற அதே குரலில்தான் சொன்னாள். அவள் போனதும், கவலையில் மறுபடி டப்பாவைத் திறந்தேன். பசி வேறு.

வியாழக்கிழமை நான் தோற்றேன். பட்டறையிலிருந்து மேலே ஏறும்போதே கல்லில் எதையோ அரைக்கும் சத்தம் கேட்டது. தெரேசா ஒரு வெள்ளைக் கல்லுரலில் பச்சை இலையை இடித்துக்கொண்டிருந்தாள். நம் துளசிக்கு அக்கா தங்கை மாதிரி ஒரு வாசனை, கூடப் பூண்டும் எண்ணெயும். அந்தத் துவையலைப் போட்டு, சுருட்டி வேகவைத்த மாவில் பிரட்டி என் முன்னால் வைத்தாள். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு முள்கரண்டி.

பசித்தவன் மூளை எப்படி வேலை செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நம் வழக்கம் உண்டானபோது முள்கரண்டி ஏது? சம்பந்தத்துக்குச் சாட்சி கைதான். கை சோற்றைத் தொடாமல் சாப்பிட்டால் அது எந்தக் கணக்கிலும் வராது. நாளைக்கு அப்பா கேட்டால், கையால் தொடவே இல்லை என்று பைபிள் மேல் சத்தியம் பண்ணலாம். இப்படி நினைத்து முடிப்பதற்குள் இரண்டாவது தட்டு வந்துவிட்டது. தெரேசா கைதட்டினாள். அன்றைக்கு அவளும் உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டாள். ஜீனோ எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். பிலோ மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படியிறங்கும்போது கேட்டாள். "இது சேர்த்தியா, சேர்த்தி இல்லையாங்கண்ணா?"

"கையால தொடலியே பிலோ."

அவள் பாதிப் படியில் திரும்பிவிட்டாள். மேலே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வயிறு நிறைந்திருந்ததால் அந்த வெட்கம் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு ரோமுக்கு ரயில். காலையில் பிலோவும் நானும் பஸ் சண்டைக்கார அம்மாளின் ரொட்டிக் கடைக்குப் போனோம். எண்ணெய் தடவிய தடிமனான ரொட்டி அங்கே பிரசித்தம். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளினாள். தொப்பிக்காரர் பட்ட பாடு எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிலோ முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"என்னவாம்?"

"சனிக்கிழமைக்கு எந்தப் புனிதர்னு கேக்குறாங்க."

"எதுக்கு?"

"தெரேசாம்மா இந்தத் தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்களாம். என் மருமக ஊர்ல செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மத்தியானம் சாப்பிட மாட்டாங்க, புதன்கிழமை மாதாவுக்குச் சாப்பிட மாட்டாங்க, அவ அண்ணன் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தும் விடாம இருக்காரு, நானும் கூட இருக்கேன்னு. ரெண்டு நாளும் அவங்க ஒருசந்தி இருந்திருக்காங்கண்ணா. அவங்களைப் பாத்து இன்னும் மூணு கிழவிங்க வேற. மத்தியானம் ரொட்டியே விக்கலியாம்."

என் கையில் ரொட்டி அப்படியே நின்றது.

இரண்டு நாளும் நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். தெரேசா ஒரு வாய்கூட வைக்கவில்லை, எனக்குத் தெரியவே இல்லை. ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் அம்மா பரிமாறுவாள், நாங்கள் சாப்பிடுவோம். அவள் எப்போது சாப்பிட்டாள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பரிமாறுகிற பெண் அப்புறம் சாப்பிடுவாள் என்று என் கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது. தெரேசா பிலோவை "மருமக" என்று சொல்லிவிட்டாள். நான் சம்மதம் கொடுப்பதற்கு முன்னால், கொடுப்பேனா என்று தெரியாமலேயே சொல்லிவிட்டாள். எங்கள் ஊர் வழக்கம் என்று நான் சொன்ன பொய்யைத் தன் வழக்கமாக எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறாள்.

அந்தோணியார் கோவிலுக்குப் போனேன். மாலுமிகள் நேர்ந்துவிட்ட சின்னச் சின்னக் கப்பல்கள் அங்கே இருந்தன. எங்கள் ஊர் அந்தோணியாரின் அதே முகம், அதே குழந்தை. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "சாமி, உங்க பேரைச் சொல்லித் தப்பிச்சேன், மன்னிச்சிருங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியும்.

மதியம் தெரேசா வாசலிலேயே என்னிடம் எதையோ விளக்கினாள். இன்றைக்கு வெள்ளி, சுத்தபோசனம், கறி கிடையாது, இதையாவது சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறாள். மேசை நடுவில் தாம்பாளம் அகலத்துக்கு ஓர் அடை. கொண்டைக்கடலை மாவைக் கரைத்து எண்ணெய் விட்டுச் சுட்டது. ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று இருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் முள்கரண்டியும் கத்தியும் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தாள்.

நான் உட்காரவில்லை. முள்கரண்டியை எடுத்து மேசையின் அந்தக் கோடியில் வைத்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

"பிலோ, கைக்குத் தண்ணி ஊத்து."

அவள் புரியாதவள் மாதிரி நின்றாள். பிறகு மேசையிலிருந்த கண்ணாடிச் செம்பைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள். அவள் ஊற்றிய தண்ணீர் பாதி என் சட்டை மேலும் பாதி தரையிலும் போனது. "அண்ணா... அண்ணா..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஜீனோவுக்கு விஷயம் தெரியும் இல்லையா, அவர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெரேசாவுக்கு ஒன்றும் தெரியாது. இதுவும் எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை வழக்கம் என்று நினைத்துவிட்டாள். எனக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்று, இரண்டு கையையும் நீட்டினாள். பிலோ அவளுக்கும் ஊற்றினாள்.

"நீங்களும் எங்ககூட உக்காருங்க" என்றேன். அதை மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தாள்.

நாலு பேரும் கையால் பிய்த்துச் சாப்பிட்டோம். ஜீனோவுக்கு எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. நம் வீட்டு மாப்பிள்ளைக்குப் பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொடுக்க ரொம்ப நாள் ஆகும் போலிருந்தது. உப்பு சரியாக இருந்தது. நாலு துண்டு சாப்பிட்டேன்.

ஜெனோவா ஸ்டேஷனில் பிலோவிடம் எள்ளுருண்டை டப்பாவைக் கொடுத்தேன். காலி டப்பாதான். "அம்மாகிட்ட நான் நல்லா சாப்பிட்டேன்னு சொல்லிடுங்க" என்று அதைத் திரும்ப என் பையிலேயே வைத்துவிட்டாள்.

பொம்மிடியில் இறங்கும்போது விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அப்பா அதே தண்ணீர்க் குழாய் பக்கத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பயணம் எப்படி என்று கேட்கவில்லை. ரோமைப் பற்றியோ பாப்பரசரைப் பற்றியோ கேட்கவில்லை. என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

"கை நனைச்சியாடா?"

வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அம்மா வழி விவசாயம், பசு இரண்டு, எல்லாம் நோட்டிலேயே நின்றுவிட்டது.

"நனைச்சேம்ப்பா."

அப்பா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. ரயிலும் கிளம்பிப் போய், கடைசிப் பெட்டி வளைவில் மறைகிற வரைக்கும் அப்படியே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நாலு எட்டு போனதும், திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்.

"என்ன செஞ்சு போட்டாங்க?"